டை மேல் உட்கார்ந்தது, பல் மேல் உட்காரவில்லை: ஒரு பிரிட்ஜின் அளவுப் பிழை

கீழ்த்தாடையில் மூன்று பல் பிரிட்ஜ் ஒன்று, அதாவது இல்லாத பல்லின் இடத்தை இரு பக்கப் பற்களின் மேல் நின்று நிரப்பும் பாலம். இரண்டு முறை லேபில் வார்த்து வந்தது. இரண்டு முறையும் டை மேல், அதாவது பல்லின் அளவில் கல்மாவை ஊற்றி எடுத்த நகலின் மேல், உட்கார்ந்தது. வாயில் உட்காரவில்லை. இரண்டு முறையும் நான் லேபைத்தான் குறை சொன்னேன். மூன்றாம் முறை அளவெடுப்பதற்கு முன் பிழை எங்கே என்று தேடியபோது, அது என் கையிலும், அளவு மாவை ஏந்தும் என் டிரேயிலும் இருந்தது தெரிந்தது. அந்தத் தேடலை முழுதாக எழுதிவைக்கிறேன். பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும், தினம் புட்டி (அளவெடுக்கும் கெட்டி மாவு) பிசைகிற என் சக மருத்துவர்களுக்கும், எல்லாப் பழியையும் வாங்கிக்கொள்கிற லேப் டெக்னீஷியன்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில். நாங்கள் இம்ப்ரெஷன் என்கிறோம். நோயாளிகள் ‘மாவு வெச்சு அளவு எடுக்கிறது’ என்கிறார்கள். அளவு என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பல்லின் படம் அல்ல நாம் எடுப்பது, அதன் அளவு. இந்த வித்தியாசத்தில்தான் நான் இரண்டு முறை இடறினேன்.

நோயாளி

52 வயதுப் பெண்மணி. மேற்கு மாம்பலத்தில் வீட்டின் முன்னறையையே தையல் கடையாக வைத்திருக்கிறார். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல், அதாவது 46, நான்கு ஆண்டுகளுக்கு முன் பிடுங்கப்பட்டது. அதிலிருந்து எல்லாவற்றையும் இடப்பக்கமே மெல்கிறார், தாடை வலிக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் அதற்குப் பின்னால் இருக்கும் 47 சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. முன்னால் இருக்கும் 45, பின்னால் இருக்கும் 47 இரண்டிலும் பழைய பெரிய அடைப்புகள். இரண்டுக்கும் எப்படியும் தொப்பி (கிரவுன்) தேவைப்பட்டது என்பதால் இம்ப்ளான்ட்டைவிட பிரிட்ஜே சரி என்று இருவரும் முடிவு செய்தோம். கோபால்ட் குரோமியம் உலோகத்தின் மேல் பீங்கான்.

பற்களைச் செதுக்கியதில் சிக்கல் இல்லை. தொப்பி வந்து முடியும் விளிம்பு 47-இன் பின்பக்கம் மட்டும் ஈறுக்குச் சற்றுக் கீழே போனது, மற்ற விளிம்புகள் எல்லாம் ஈறுக்கு மேலே. இரண்டு பற்களும் ஒரே திசையில் பிரிட்ஜை ஏற்கும்படி இருக்கின்றனவா என்று கண்ணாடியில் ஒற்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கும் நேரம். காலையும் மாலையும் அவருக்குக் கடையில் கூட்டம், மதியம்தான் வர முடியும். அதனால் இந்தக் கேஸின் வேலை எல்லாமே கத்திரி வெயிலில், பன்னிரண்டு மணிக்கு மேல் நடந்தது.

முதல் இரண்டு அளவுகள்

நான் எடுத்த முறை நம் ஊரில் பெரும்பாலான கிளினிக்குகளில் பழக்கத்தில் இருப்பதுதான். ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் டிரே. அடிஷன் சிலிக்கான் என்ற ரப்பர் வகைப் புட்டியை உதவியாளர் கையால் பிசைந்து கொடுக்க, டிரேயில் நிரப்பி வாயில் அழுத்தினேன். இறுகியதும் எடுத்து, ஈறை விலக்கப் பல்லைச் சுற்றி வைத்த நூலை உருவிவிட்டு, லைட் பாடி என்ற ஓடும் சிலிக்கானைச் சிரிஞ்சால் பல்லைச் சுற்றிச் செலுத்தி, அதே டிரேயை மறுபடி இருந்த இடத்திலேயே அழுத்தினேன். இரண்டு கட்ட முறை. புட்டிக்கும் பல்லுக்கும் நடுவே பாலிதீன் தாள் வைக்கவில்லை. புட்டியில் கத்தியால் வடிகால் வெட்டவும் இல்லை. ‘லைட் பாடிதான் தண்ணீர் மாதிரி ஓடுமே, தானே இடம் பிடித்துக்கொள்ளும்’ என்று நினைத்தேன். அதைப் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்த அளவு மிக அழகாக இருந்தது. விளிம்பு ஒரு கோடு போலச் சுற்றிலும் தெளிவாகத் தெரிந்தது, குமிழி இல்லை, கிழிசல் இல்லை. மேல்தாடைக்கு ஆல்ஜினேட் என்ற இன்னொரு அளவு மாவில் எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டையும் லேபிலிருந்து வந்த பையனிடம் கொடுத்தேன். அவர் பைக்கில் கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறிப் புரசைவாக்கம் போனார். அப்போது மணி ஒன்று.

பீங்கான் ஏற்றும் முன் பொருத்திப் பார்க்கும் உலோக டிரையல் வந்த அன்று பிரிட்ஜ் பாதி வழியில் நின்றது. 45 பக்கம் ஓரளவு இறங்கியது. 47-இன் பின்பக்க விளிம்பில் கூர்முனைக் கருவி சுகமாக நுழைந்தது. உள்ளே சிவப்பு மை தடவிப் பார்த்து, மை பட்ட இடங்களைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க பிரிட்ஜ் ஆட ஆரம்பித்ததே தவிர இறங்கவில்லை. லேபுக்கு போன் செய்து, “வார்ப்பு சுருங்கியிருக்குண்ணா, திரும்பப் பண்ணுங்க” என்றேன்.

“மேடம், டை மேல சும்மா பொருந்தி உக்காருது. வேணும்னா வந்து பாருங்க” என்றார் அவர். நான் போகவில்லை. மறுபடி அளவெடுத்தேன், அதே டிரே, அதே முறை. நடுவில் கரண்ட் போய் ஏ.சி. நின்றது. அறை சூடாக இருந்தபடியே வேலையை முடித்தேன். இரண்டாவது வார்ப்பு வந்தது. முதலாவதைவிட மோசமாக உட்கார்ந்தது.

அன்று அந்த அம்மாதான் பேச்சைத் தொடங்கினார். “டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. எங்க கடையில அளவு பிளவுஸ் குடுத்துட்டுப் போவாங்க. அது தொவைச்சுத் தொவைச்சுச் சுருங்கிப் போயிருக்கும், அவங்களுக்கே தெரியாது. நான் அதை வெச்சு வெட்டினா, தைச்சது அளவு பிளவுஸுக்கு அச்சா இருக்கும், ஆளுக்குப் பத்தாது. வெட்டினவளைத் திட்டி என்ன பண்றது? நீங்க அனுப்புன அளவு சரியான்னு பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரசைவாக்கம் போனேன்.

லேபில் பார்த்தது

லேப் அண்ணா மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். இரண்டு அளவுகள், இரண்டு மாடல்கள், இரண்டு வார்ப்புகள். இரண்டாவது வார்ப்பை அதன் டை மேல் வைத்தார். விளிம்பில் நகம்கூடத் தட்டவில்லை. டையில் எங்கும் சுரண்டிய தடம் இல்லை. வார்ப்பைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்திருந்தால் கல் தேய்ந்து உலோகத் தடம் பதிந்திருக்கும். ஆக, வார்ப்பு டைக்குச் சரி. வார்ப்பு பல்லுக்குச் சரியில்லை என்றால், டையும் பல்லும் ஒன்றல்ல. இவ்வளவு எளிய தர்க்கத்தை நான் போனிலேயே செய்திருக்க முடியும் என்பதை நினைக்க இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த கேள்வி, டை தவறியது கல்லாலா, அளவாலா? அடிஷன் சிலிக்கானின் பெரிய வரம், இறுகும்போது அதிலிருந்து துணைப்பொருள் எதுவும் ஆவியாகி வெளியேறுவதில்லை. இன்னொரு வகையான கண்டென்சேஷன் சிலிக்கானில் எத்தில் ஆல்கஹால் உண்டாகி ஆவியாகிப் போகும், அளவு அதற்கேற்பச் சுருங்கிக்கொண்டே இருக்கும். அடிஷன் சிலிக்கான் அளவைச் சில நாள் கழித்து மறுபடி வார்த்தாலும் அதே டை கிடைக்கும். அண்ணா அதே அளவில், இம்முறை தண்ணீரையும் பொடியையும் எடை போட்டுக் கலந்து, மறுபடி ஊற்றினார். டை ஸ்டோனுக்கு நூறு கிராம் பொடிக்கு 22 முதல் 24 மில்லி தண்ணீர் என்பது வழக்கம். கண் மதிப்பில் கலந்தால் இது எளிதில் ஏறிவிடும். ஆனால் புதிய டையிலும் வார்ப்பு முன்போலவே அச்சாக உட்கார்ந்தது. கல் குற்றவாளி இல்லை.

இந்த இடத்தில் அண்ணா சொன்ன ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். “மேடம், தப்பு எந்தப் பக்கம்னு பாருங்க. டை பெருசா இருந்தா பிரிட்ஜ் லூசா இருக்கும். உங்களுக்கு டைட்டா இருக்கு. டை சின்னதா இருக்கு. எது டையைச் சின்னதாக்கும்னு தேடுங்க.”

பிழையின் திசை

இந்த ஒரு வாக்கியம்தான் முழுத் தேடலையும் ஒழுங்குபடுத்தியது. அதுவரை ‘ஏதோ எங்கோ சுருங்கியிருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு திசை உண்டு என்று எண்ணிப் பார்த்ததில்லை.

கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டை ஸ்டோன் இறுகும்போது சுருங்காது, விரியும். டைக்குப் பயன்படும் நான்காம் வகைக் கல் ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். 10 மி.மீ. அகலமுள்ள கடைவாய்ப்பல்லில் அது 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. டை பெரிதாகும், சிறிதாகாது. நேர் எதிர்த் திசை.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத மதியத்தில் பைக் பெட்டிக்குள் போன அளவு என்பதால் எனக்கு முதலில் இதன் மேல்தான் பலத்த சந்தேகம். சிலிக்கான் வெப்பத்துக்கு நன்றாகவே விரியும் பொருள். ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 200 பங்கு. ஆனால் எதிலிருந்து எதுவரை என்று பார்க்க வேண்டும். அளவு இறுகுவது வாயின் சூட்டில், 35 டிகிரியை ஒட்டி. பிறகு ஏ.சி. அறையில் 24 டிகிரிக்கு ஆறும்போதுதான் பெரிய மாற்றம், 10 மி.மீ.க்கு 20 மைக்ரானுக்குச் சற்று மேல். அப்போது பொருள் தான் ஒட்டியிருக்கும் டிரேயை நோக்கிச் சுருங்கும், பல் இருந்த பள்ளம் அகலமாகும். அதாவது டை பெரிதாகும். பைக் பெட்டியின் சூடு வாயின் சூட்டைவிடச் சில டிகிரிதான் கூடுதல், மாற்றம் 10 மைக்ரான் அளவில் நிற்கும். லேபில் ஒரு மணி நேரம் வைத்திருந்துதான் கல் ஊற்றுகிறார்கள், அதற்குள் அதுவும் மீண்டுவிடும். வெயிலை விட்டுவிட்டேன்.

ஆனால் அதே பெட்டியில் போன ஆல்ஜினேட்டுக்கு வெயில் விஷம். ஆல்ஜினேட் பெரும்பகுதி தண்ணீர். காற்றில் விட்டால் தண்ணீரை இழந்து சுருங்கும், ஈரத்தில் ஊறவிட்டால் உறிஞ்சி வீங்கும். எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கல் ஊற்றுவதே பாதுகாப்பு. என் மேல்தாடை அளவு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் இருந்தது. மாடல்களை இணைத்துப் பார்த்தபோது மேல் மாடல் கீழ் மாடலோடு இயல்பாகக் கவ்விக்கொள்ளவில்லை, ஒரு பக்கம் லேசாக ஆடியது. பிரிட்ஜ் பல் மேல் உட்கார்ந்திருந்தாலுமே கடி உயர்ந்திருக்கும். இது நான் தேடிப் போன பிழை இல்லை. கூடவே கிடைத்த இன்னொன்று.

கையுறை. உதவியாளர் லேடெக்ஸ் கையுறையோடு புட்டி பிசைந்தார். லேடெக்ஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அடிஷன் சிலிக்கானின் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கும் என்பது தெரிந்த விஷயம். அப்படி நடந்தால் மேற்பரப்பில் பிசுபிசுப்பு இருக்கும், அந்த இடத்தில் கல் சொரசொரப்பாக வரும். இரண்டு அளவிலும் அப்படி எதுவும் இல்லை. என்றாலும் அன்றிலிருந்து புட்டிக்கு வினைல் கையுறை என்று மாற்றிவிட்டேன்.

மிச்சமிருந்தவை புட்டியும் டிரேயும்.

சுவர் நெளிந்து மீண்டது

இறுகிய புட்டி ஒரு ரப்பர் சுவர். அதில் பல்லின் வடிவம் ஏற்கெனவே இறுக்கமாகப் பதிந்திருக்கிறது. நடுவே இடைவெளி இல்லை. அங்கே லைட் பாடியை நிரப்பி, பழைய இடத்துக்கே டிரேயை அழுத்துகிறேன். லைட் பாடி எங்கே போகும்? வெளியேற வடிகால் இல்லை. ஓடக்கூடிய பொருளை மூடிய இடத்தில் அழுத்தினால் அது சுவரைத் தள்ளும். புட்டிச் சுவர் வெளிப்பக்கமாக நெளிகிறது, நெளிந்த நிலையிலேயே லைட் பாடி இறுகுகிறது. டிரேயை வாயிலிருந்து எடுத்த கணத்தில் அழுத்தம் விடுபட்டு, புட்டி தன் பழைய இடத்துக்கு மீள்கிறது. பள்ளம் குறுகுகிறது. டை சிறிதாகிறது.

அடிஷன் சிலிக்கானை நாம் கொண்டாடுவதே அதன் மீள்தன்மைக்காகத்தான். நெளித்தால் 99 சதவீதத்துக்கு மேல் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பல்லின் பருத்த பகுதியைத் தாண்டி வெளியே வரும்போது இந்தக் குணம் நம்மைக் காப்பாற்றுகிறது. தவறான நேரத்தில் நெளியவிட்டால் அதே குணம் அதே நேர்மையோடு நம்மைக் கவிழ்க்கிறது. பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

இதோடு டிரே சேர்ந்துகொண்டது. நான் பயன்படுத்திய பிளாஸ்டிக் டிரேயை வெறுமனே கையில் பிடித்து இரண்டு பக்கச் சுவர்களையும் விரலால் அமுக்கிப் பார்த்தேன். வளைந்து கொடுத்தது. கெட்டியான புட்டியை அதில் நிரப்பி வாயில் அழுத்தினால் கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் விலகும், எடுத்ததும் திரும்ப நெருங்கும். மறுபடியும் அதே திசை: டை கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையில் குறுகும். டிரேயின் பின்முனை எந்தப் பிடிமானமும் இல்லாத முனை, விரிவது அங்கேதான் அதிகம். 47 இருந்தது அந்த முனையில்.

இதை வாயில் உறுதி செய்ய மூன்று சோதனைகள் செய்தேன். முதலில், வார்ப்புக்குள் ஃபிட் செக்கர் என்ற, பொருத்தம் காட்டும் வெள்ளைச் சிலிக்கானைத் தடவிப் பல் மேல் அழுத்திப் பார்த்தேன். பக்கச் சுவர்களில் வெள்ளைப் படலம் அறவே இல்லாமல் உலோகம் பளிச்சென்று தெரிந்தது, மேல்தளத்தில் படலம் தடித்துக் கிடந்தது. தொப்பி பக்கவாட்டில் கவ்வி நிற்கிறது என்பதன் அடையாளம் அது. அடுத்து பிரிட்ஜை 47-க்கு முன்னால் வட்டத் தகடால் வெட்டித் தனியாக்கினேன். 45 பக்கத் துண்டு கிட்டத்தட்ட முழுவதும் இறங்கியது. 47 துண்டு தனியாகவும் இறங்கவில்லை. அப்படியென்றால் பிழை இரண்டு பற்களுக்கும் இடையிலான தூரத்தில் மட்டும் அல்ல. 47-இன் டையே சிறுத்திருக்கிறது. கடைசியாக, 47 மேல் வாயிலேயே பேட்டர்ன் ரெசின் என்ற பிளாஸ்டிக்கால் ஒரு மெல்லிய தொப்பி செய்து, இறுகியதும் எடுத்து டை மேல் வைத்தேன். பல்லில் கச்சிதமாக இருந்த தொப்பி டை மேல் கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையே லேசாக ஆடியது. ரெசின் இறுகும்போது தானும் கொஞ்சம் சுருங்கும் பொருள். அதையும் மீறி ஆடியதென்றால் டை எவ்வளவு சிறுத்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

பிறகு கிளினிக்கில் இருந்த பயிற்சி மாடலில் இரண்டு பற்களைச் செதுக்கி, அவற்றுக்கும் அதேபோல ரெசின் தொப்பி செய்து அளவுகோலாக வைத்து நாலு விதமாக அளவெடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் டிரே, இடைவெளி இல்லாத இரண்டு கட்ட முறை: தொப்பி ஆடியது. உலோக டிரே, இடைவெளி இல்லாமல்: ஆட்டம் குறைந்தது, போகவில்லை. உலோக டிரே, புட்டிக்கும் பல்லுக்கும் நடுவே சுமார் 2 மி.மீ. இடைவெளி: சரியாக நின்றது. அக்ரிலிக்கில் அந்த மாடலுக்கென்றே செய்த தனி டிரேயில், நடுத்தரக் கெட்டியான மீடியம் பாடியும் லைட் பாடியும் ஒரே நேரத்தில்: சரியாக நின்றது. ஒருவர் கை, ஒரு மாடல். இதை ஆய்வு என்று நான் சொல்லமாட்டேன். என் கையின் பிழையை எனக்குக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

கரண்ட் போன அன்று எடுத்த இரண்டாவது அளவு ஏன் கூடுதலாகக் கெட்டது என்பதற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. கலந்த பின் பொருள் இறுகும் முன் கிடைக்கும் வேலை நேரமாகப் பெட்டியில் அச்சிட்டிருப்பது 23 டிகிரி அறைக்கானது. சூடான அறையில், மேற்குச் சுவர் அலமாரியில் இருந்து எடுத்த லைட் பாடி, டிரேயை நான் உட்காரவைக்கும் முன்பே ரப்பராக மாறத் தொடங்கிவிட்டது. ஓடவேண்டிய பொருள் ஓடவில்லை. நான் இன்னும் பலமாக அழுத்தினேன்.

அழகும் அளவும்

இரண்டு அளவுகளும் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தனவே என்ற கேள்வி என்னை நெடுநேரம் விடவில்லை. ரப்பர் வகை அளவுப் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4823 தரநிலையைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது பதில் அங்கேயே இருந்தது. நுணுக்கத்தைப் பதிவது வேறு, பரிமாணத்தைக் காப்பது வேறு. இரண்டுக்கும் அங்கே தனித்தனிச் சோதனை. லைட் பாடி 20 மைக்ரான் அகலக் கோட்டைப் பதிய வேண்டும், புட்டிக்கு 75 மைக்ரான் போதும். என் லைட் பாடி ஒவ்வொரு கோட்டையும் பதிந்திருந்தது. ஆனால் அந்தக் கோடுகளைத் தாங்கிய சுவர் இடம் மாறியிருந்தது. சுவர் மாறியதைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. நாம் விளக்கின் கீழ் அளவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘பிரமாதமா வந்திருக்கு’ என்று சொல்வதெல்லாம் நுணுக்கத்தைப் பற்றி மட்டுமே.

எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே தரநிலை பரிமாண மாற்றத்துக்கு 1.5 சதவீதம் வரை இடம் தருகிறது. 10 மி.மீ. பல்லில் அது 150 மைக்ரான். பல் ஆய்வாளர்கள் மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் 1971-இல், ஆயிரம் தொப்பிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்து, விளிம்பு இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்று எழுதினார்கள். இன்றும் பலரும் கைக்கொள்ளும் எல்லை அதுதான். தரநிலையின் கடைசி எல்லையில் நிற்கும் ஒரு பொருள் தனியாகவே இந்த இடம் முழுவதையும் தின்றுவிடும். நல்லவேளையாக அடிஷன் சிலிக்கான் அந்த எல்லையின் பக்கமே வருவதில்லை. அதன் மாற்றம் 0.2 சதவீதத்துக்குள், 10 மி.மீ.க்கு 20 மைக்ரானுக்குள் நிற்கும். விலை கொடுத்து நாம் வாங்கும் துல்லியம் இது. நெளியும் டிரேயில் வைத்து அதை நானே பாழாக்கினேன்.

மூன்றாவது அளவு

அண்ணாவின் பழைய மாடல் மேலேயே மெழுகுத் தாள் இரண்டு மடிப்பு வைத்து, அக்ரிலிக்கில் தனி டிரே செய்தேன். செதுக்காத பற்கள் மேல் மூன்று இடங்களில் மெழுகை வெட்டி நிறுத்தங்கள் விட்டேன், டிரே ஒரே ஆழத்தில் நிற்பதற்காக. அக்ரிலிக் செய்த அன்றே முழுதாக அடங்கிவிடாது, ஒரு நாள் விட்டேன். மறுநாள் ஒட்டுப்பசை தடவி, 15 நிமிடம் உலரவிட்டேன். முன்பெல்லாம் பசை தடவிய கையோடு பொருளை நிரப்பிவிடுவேன். ஈரப் பசை ஒட்டாது. பொருள் டிரேயை விட்டு ஒரு முனையில் விலகினாலும் வெளியே தெரியாமல் அளவு மாறிவிடும்.

அன்று காலை ஒன்பது மணிக்கே வரச் சொன்னேன். “ஒரு நாள் கடையைத் தள்ளித் தொறக்கிறேன் டாக்டர், இந்தத் தடவை முடிஞ்சிரணும்” என்றார். அறை 23 டிகிரி. சிலிக்கான் குழாய்களும் இரவு முழுவதும் அதே அறையில். 47-இன் பின்பக்கம் ஈறைச் சுற்றி இரண்டு நூல்கள், மெல்லியது உள்ளேயே இருக்க, தடித்ததை மட்டும் உருவினேன். அலுமினியம் குளோரைடைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி உலர்த்தினேன். உதவியாளர் டிரேயில் மீடியம் பாடியை நிரப்பிய அதே நேரத்தில் நான் லைட் பாடியைப் பல்லைச் சுற்றிச் செலுத்தினேன். டிரேயை நிறுத்தங்கள் தட்டும்வரை மெதுவாக இறக்கி, அதற்குப் பின் அழுத்தாமல் பிடித்திருந்தேன். வாயைப் பாதி மட்டும் திறந்திருக்கச் சொன்னேன். அகலத் திறந்தால் கீழ்த்தாடையே இரு பக்கமும் உள்நோக்கி லேசாக நெருங்கும், எலும்பும் சற்று வளைந்து கொடுக்கும்.

மேல்தாடை ஆல்ஜினேட்டுக்கு எட்டாவது நிமிடத்தில் நானே கல் ஊற்றிவிட்டேன். லேபுக்குப் போனது கல் மாடல்.

இப்படிச் சொல்வதால் புட்டியே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தனி டிரே செய்ய ஒரு வருகை கூடும், எல்லாருக்கும் அது கட்டாது. உலோக டிரேயும், புட்டிக்கும் பல்லுக்கும் நடுவே சரியான இடைவெளியும் இருந்தால் இரண்டு கட்ட முறை நம்பத்தக்கதே. புட்டியையும் லைட் பாடியையும் ஒரே நேரத்தில் வைக்கும் முறையில் சுவர் மீளும் தொல்லை இல்லை. ஆனால் கெட்டிப் புட்டி லைட் பாடியைத் தள்ளிவிட்டு விளிம்பைத் தானே பதிந்துகொள்ளும் ஆபத்து உண்டு. அங்கே நமக்குக் கிடைப்பது 75 மைக்ரான் நுணுக்கம்தான். நெளியும் பிளாஸ்டிக் டிரேயில் புட்டி என்ற சேர்க்கையை மட்டும் நான் அடியோடு விட்டுவிட்டேன்.

டிரையலுக்கு அம்மாவோடு வந்த மகன், “ஸ்கேனர்ல எடுத்திருந்தா இந்தச் சிக்கலே வந்திருக்காதே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. டிரே இல்லை, புட்டி இல்லை, வெயிலில் பயணம் இல்லை. மூன்று பல் பிரிட்ஜ் போன்ற குறுகிய தூரத்துக்கு வாய்க்குள் எடுக்கும் ஸ்கேன் நல்ல அளவோடு தோளோடு தோள் நிற்கும். ஆனால் ஒளி தான் பார்ப்பதை மட்டுமே பதியும். ஈறுக்குக் கீழே போன விளிம்பு, கசியும் ரத்தம், எச்சில் எல்லாம் அதற்கும் தடைதான், நூல் வைத்து ஈறை விலக்கும் வேலை அப்படியே இருக்கும். முழுத் தாடைக்குப் போனால் படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவதில் சிறு பிழைகள் சேரும். என் கிளினிக்கில் இன்னும் ஸ்கேனர் இல்லை, வாங்கும் எண்ணம் உண்டு என்று சொன்னேன்.

முடிவும் பிறகும்

மூன்றாவது உலோகம் விரலால் லேசாக வைத்ததும் இறங்கியது. 47-இன் பின்பக்கத்தில் கூர்முனைக் கருவியை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் இழுத்துப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. ஃபிட் செக்கர் படலம் பக்கங்களிலும் மேலும் ஏறக்குறைய ஒரே மெல்லிய வெள்ளையாக இருந்தது. பீங்கான் ஏற்றி வந்ததும் கடியில் ஒரே ஒரு இடத்தில் சற்றுத் தேய்த்தேன். கிளாஸ் அயனோமர் சிமெண்டால் ஒட்டினேன்.

முதல் இரண்டு வார்ப்புகளுக்கும் லேப் பணம் கேட்கவில்லை. லேபின் தவறு என்று நான் சொன்னதை அண்ணா அதற்கு மேல் வாதாடாமல் ஏற்றுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். பணத்தை வாங்கத் தயங்கினார், பிறகு வாங்கிக்கொண்டார். அவர் கேட்டது வேறொன்று: இனி வேலைச் சீட்டில் என்ன டிரே, எந்த முறை, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். இப்போது எழுதுகிறேன். வேறு மூன்று கிளினிக்குகளிடமும் அவர் இதைக் கேட்டிருக்கிறார், ஒருவர் எழுதத் தொடங்கியிருக்கிறார்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மா பரிசோதனைக்கு வந்தார். தீபாவளித் தையல் முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் மெல்கிறார், தாடை வலி இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு விளிம்புகளும் மூடியிருந்தன. 45-ஐச் சுற்றி ஈறு ஆரோக்கியமாக இருந்தது. 47-இன் பின்பக்கம் மட்டும் கருவி பட்டதும் லேசாக ரத்தம் கசிந்தது. விளிம்பு ஈறுக்குக் கீழே இருக்கும் இடம், பிரஷ் எட்டுவதும் கடினம். ஒற்றைக் கொத்துப் பிரஷ் கொடுத்து, கண்ணாடியில் காட்டி, அவர் கையாலேயே இரண்டு முறை செய்யச் சொன்னேன். மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.